கைதட்டல் ஓய்ந்த பிறகு



“என் மகன் இனிமையாகப் பாடுகிறான், என் மகள் அழகாக வரைகிறாள். இவர்களை எந்த மேடையில் ஏற்றலாம்?” என்று கேட்கும் பெற்றோர் இன்று பெருகிவிட்டனர். பிள்ளையின் திறமையைக் கண்டு மகிழாத பெற்றோர் இல்லை. ஆயினும் மேடையில் ஏற்றுவது எளிது. ஏறிய பிள்ளை இறங்கி வரும்போது கை கொடுக்கக் கீழே நிற்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இந்த மாதம் அதைப் பற்றியே சிந்திப்போம்.

1988ஆம் ஆண்டு இரண்டு தெருப் பிள்ளைகளின் வாழ்வில் மறக்கவொண்ணாத ஆண்டு. ஒருவர் நம் நாட்டவர். நம் சமுதாயத்தின் பிள்ளை. மற்றவர் கடல் கடந்த நியூயார்க் நகரத்து இளைஞர். ஒருவருக்கு அந்த ஆண்டில் புகழ் பிறந்தது. மற்றவருக்கு அந்த ஆண்டிலேயே உயிர் போயிற்று. இருவர் கதையும் நமக்குப் பாடம்.

நடைபாதையில் கிடைத்த கலைஞன்

பெங்களூரின் ஏழ்மை மிக்க குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் ஷஃபீக் சையத். சிறு வயதிலேயே நண்பர்களோடு வீட்டைவிட்டு வெளியேறி அன்றைய பம்பாய்க்குச் சென்றார். சர்ச்கேட் ரயில் நிலையப் பகுதியின் நடைபாதையே அவருக்கு வீடாயிற்று. அந்நகரத் தெருப் பிள்ளைகளின் வாழ்வைப் படமாக்க விரும்பிய இயக்குநர் மீரா நாயர், நடிக்கத் தெரிந்த பிள்ளைகளைத் தேடவில்லை. தெருவில் வாழும் பிள்ளைகளையே தேடினார். நாடகப் பயிற்சியாளர் பேரி ஜான் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். பயிற்சிக்கு வந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தருவதாகச் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் இதில் ஏதோ சூது இருக்கிறதென்று அஞ்சி ஓடினார்களாம். பசி தாங்காத ஷஃபீக் மட்டும் துணிந்து சென்றாராம். பிற்காலத்தில் அவரே பேட்டியில் சொன்ன செய்தி இது.

அவ்வாறு உருவான படம் ‘சலாம் பாம்பே’. அதில் தேநீர்க் குவளைகளைச் சுமக்கும் ‘சாய்பாவ்’ என்னும் சிறுவன்தான் கதையின் உயிர். 500 ரூபாய் சேர்த்துக்கொண்டு தாயிடம் திரும்ப வேண்டும் என்பது அச்சிறுவனின் கனவு. அந்த வேடத்தை ஏற்றவர் ஷஃபீக். 1988இல் கேன்ஸ் திரைப்பட விழாவில் முதல் பட இயக்குநருக்குரிய ‘கேமரா டி’ஓர்’ பரிசை அப்படம் பெற்றது. ‘மதர் இந்தியா’வுக்குப் பிறகு அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இரண்டாவது இந்தியப் படமும் அதுவே. நம் நாட்டு அரசு ஷஃபீக்குக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதை அளித்தது.

திரைப்படம் கூடுமா, கூடாதா என்னும் விவாதம் நம்மிடையே உண்டு. இங்கே நாம் அதற்குள் நுழையவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

படப்பிடிப்பு முடிந்தது, விழாக்களும் முடிந்தன. வேறு வாய்ப்புத் தேடி அலைந்தார் ஷஃபீக். கௌதம் கோஷ் இயக்கிய ‘பதங்க்’ என்னும் படத்தில் ஒரு வேடம் கிடைத்தது. அதன்பின் அவரை அழைப்பார் இல்லை. பெங்களூருக்கே திரும்பினார். ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டினார். கன்னடத் தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்புக் குழுக்களிலும் வேலை செய்தார். 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் குடிசைப் பிள்ளைகளை உலகம் கொண்டாடியபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் கொண்டாடப்பட்ட பிள்ளை எங்கே என்று செய்தியாளர்கள் தேடிப் போனார்கள். அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

‘சலாம் பாம்பே’யின் கடைசிக் காட்சியில் அச்சிறுவன் தெருவோரத்தில் தன்னந்தனியே அமர்ந்து அழுகிறான். அரங்கில் இருந்தோர் அதைக் கண்டு கண்ணீர் விட்டனர். வெளியே வந்து கண்களைத் துடைத்துக்கொண்டனர். நடித்த சிறுவனுக்கு அந்தக் காட்சி அரங்கோடு முடியவில்லை.

எது வீழ்ச்சி?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விருது பெற்றவர் ஆட்டோ ஓட்டுகிறாரே என்று பத்திரிகைகள் இரங்கின. ஆட்டோ ஓட்டுவது இழிவன்று. தன் கையால் உழைத்து உண்ணும் உணவே மேலானது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. தாவூத் நபி (அலை) அவர்களும் தம் கைத்தொழிலால் உண்டவர்களே. ஹலாலான உழைப்பால் குடும்பத்தைக் காப்பவர் வீழ்ந்தவர் ஆகமாட்டார்.

அப்படியானால் இதில் இழப்பு எங்கே? பன்னிரண்டு வயதையொட்டிய ஒரு பிள்ளைக்கு, ‘நீ உலகம் போற்றும் கலைஞன்’ என்று சொல்லிவிட்டு, அந்தக் கலையில் நிலைத்து நிற்பதற்கான கல்வியையோ பாதுகாப்பையோ கொடுக்காமல் விட்டார்களே, அங்கேதான் இழப்பு. பசித்தவனுக்கு விருந்தின் மணத்தைக் காட்டிவிட்டுக் கதவை அடைத்ததற்கு இது ஒப்பாகும்.

அதே படத்தில் சில நிமிடங்கள் தோன்றும் இன்னொருவரைக் கவனியுங்கள். தெருவோரத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் எழுத்தராக வருபவர் இர்ஃபான் கான். அவருக்கு முதலில் பெரிய வேடம் தருவதாக இருந்தது. கடைசியில் மிகச் சிறிய வேடமே கிடைத்தது. சிறுவன் ஷஃபீக்குக்கு விருது, இர்ஃபானுக்கோ ஏமாற்றம். ஆயினும் பின்னாளில் உலகப் புகழ் பெற்று, 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2020இல் மறைந்தபோது பல நாட்டு மக்களாலும் இரங்கப்பட்டவர் இர்ஃபானே. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் முறையாகக் கற்றவர் அவர். வாய்ப்பு வராத நீண்ட காலத்தைத் தாங்கிக்கொள்ளும் வலிமையை அந்தக் கல்வி அவருக்குத் தந்தது. ஷஃபீக்குக்கு விருது இருந்தது, பள்ளிக்கூடம் இல்லை.

சுவரில் எழுதிய இளைஞன்

இனி நியூயார்க் நகரத்துக்கு வருவோம். ழான் மிஷேல் பாஸ்கியா 1960இல் புரூக்ளினில் பிறந்தவர். தந்தை ஹைட்டி நாட்டவர். தாய் போர்ட்டோ ரிக்கோ வழியினர். மகனை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்று ஓவிய ஆர்வத்தை ஊட்டிய அந்தத் தாய் மனநோயால் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். மகன் பதினேழு வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ‘சேமோ’ என்னும் புனைபெயரில் நகரத்துச் சுவர்களில் புதிர் போன்ற வாசகங்களை எழுதினார். வரைந்த அஞ்சலட்டைகளைத் தெருவில் விற்று வயிறு வளர்த்தார்.

பிறகு வந்த புகழோ வெள்ளம் போல வந்தது. 1982இல், இருபத்தொரு வயதில், ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் டாகுமெண்டா கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. 1985இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் வார மலர் அட்டையில் வெறுங்காலோடு அமர்ந்திருக்கும் அவருடைய படம் வெளிவந்தது. ஓவிய வணிகர்கள் மேலும் மேலும் படங்கள் கேட்டனர். அவரைச் சுற்றி விருந்தும் பணமும் போதையும் சூழ்ந்தன. தமக்கு நெருக்கமாயிருந்த மூத்த ஓவியர் ஆண்டி வார்ஹால் 1987இல் இறந்தபோது அவர் மேலும் தனிமைப்பட்டார். 1988 ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹெராயின் என்னும் போதைப்பொருள் அவர் உயிரைக் குடித்தது. அப்போது அவருக்கு வயது 27.

1984இல் 19,000 டாலருக்கு விலைபோன அவருடைய ஓவியம் ஒன்று, 2017இல் ஏலத்தில் 110.5 மில்லியன் டாலருக்கு விற்பனையாயிற்று. அதாவது 11 கோடி டாலருக்கும் மேல். வரைந்த கை மண்ணுக்குள் போய் 29 ஆண்டுகள் ஆன பின் அந்த விலை! ஓவியத்துக்கு விலை வைக்கத் தெரிந்த உலகத்துக்கு ஓவியனின் உயிரைக் காக்கத் தெரியவில்லை.

ஒருவர் புகழ் நின்றதால் துன்புற்றார். மற்றவர் புகழ் நில்லாமல் பெருகியதால் அழிந்தார். புறத்தோற்றத்தில் எதிரெதிரான இவ்விரு கதைகளிலும் குறை ஒன்றே. இளம் வயதில் புகழ் வந்தபோது, அவர்களைத் தம் பொறுப்பாகக் கருதி உடன் நின்று காத்தவர் போதவில்லை. இரசிகர் வேறு, காப்பாளர் வேறு. மார்க்கம் ‘வலீ’ என்று குறிப்பிடுவது இரண்டாமவரை.

அபூ மஹ்தூரா (ரலி)

தெருவில் திரிந்த ஓர் இளைஞனின் குரல்வளத்தைக் கண்டுபிடித்த நிகழ்ச்சி நம் வரலாற்றிலும் உண்டு. ஹுனைன் போர் முடிந்து நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வழியில் பாங்கு ஒலித்தது. அங்கிருந்த மக்கா நகரத்து இளைஞர் சிலர் அதைக் கேலி செய்து, அதே போல உரக்கக் கூவினர். இக்கேலிக் குரல்களில் ஒன்று இனிமையாகவும் ஓங்கியும் ஒலித்ததை அண்ணலார் கவனித்தார்கள். இளைஞர்களை அழைத்து வரச் செய்து, அந்தக் குரல் யாருடையது என்று கேட்டார்கள். எல்லாரும் அபூ மஹ்தூராவைச் சுட்டிக்காட்டினர். தண்டனை கிடைக்குமென்றே அவர் நினைத்திருப்பார்.

நடந்ததோ வேறு. அண்ணலார் அவரை மட்டும் நிறுத்தி, பாங்கின் சொற்களை ஒவ்வொன்றாகத் தாமே கற்றுக்கொடுத்தார்கள். சொல்லி முடித்ததும் வெள்ளி நாணயங்கள் கொண்ட பை ஒன்றை அளித்தார்கள். அவர் மீது கை வைத்துத் தடவி, அவருக்காக பரக்கத் வேண்டித் துஆச் செய்தார்கள். தம் நெஞ்சிலிருந்த வெறுப்பெல்லாம் அன்பாக மாறிவிட்டது என்கிறார் அபூ மஹ்தூரா. மக்காவில் பாங்கு சொல்லும் பணியை அவர் கேட்க, அண்ணலார் அதையும் வழங்கினார்கள். அவர் காலமெல்லாம் அப்பணியில் இருந்தார்; அவருக்குப் பின் அவர் வழியினரும் அதைத் தொடர்ந்தனர்.

திறமையுள்ள ஓர் இளைஞனுக்குச் செய்ய வேண்டியவை யாவும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. கல்வி, ஊதியம், துஆ, நிலையான பணி ஆகிய நான்கையும் அண்ணலார் கொடுத்தார்கள். ‘நல்ல குரல்’ என்று பாராட்டிவிட்டு அவர்கள் நகர்ந்து போகவில்லை. ஷஃபீக்குக்குச் சிறு ஊதியமும் சில வாரப் பயிற்சியும் கிடைத்தன; நிலையான பணி கிடைக்கவில்லை. பாஸ்கியாவுக்கு ஊதியம் குவிந்தது; அன்போடு தடுத்து நிறுத்தும் கை வலுவாக இல்லை.

பிள்ளையின் பணம் யாருடையது?

1921இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ என்னும் படத்தில் அநாதைச் சிறுவனாக நடித்து உலகப் புகழ் பெற்றவர் ஜாக்கி கூகன். சிறுவயதில் அவர் பல இலட்சம் டாலர் சம்பாதித்தார். வயது வந்த பின் கணக்குப் பார்த்தபோது, தாயும் மாற்றாந் தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தனர். 1938இல் அவர் வழக்குத் தொடுத்தார். சிறு பகுதியே மீண்டது. அவ்வழக்கின் விளைவாக, நடிக்கும் பிள்ளைகளின் வருமானத்தில் ஒரு பங்கைப் பாதுகாக்கும் சட்டம் 1939இல் கலிஃபோர்னியாவில் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் வழக்காடிக் கண்டதைத் திருமறை என்றோ விதித்துவிட்டது. எத்தீம்களின் சொத்தை விழுங்கக் கூடாது. அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகிவிடுவார்களே என்று அவசர அவசரமாகச் செலவழித்துவிடவும் கூடாது. அவர்கள் பக்குவம் அடைந்ததும் சாட்சிகளை வைத்து ஒப்படைக்க வேண்டும் என்பது அன்னிஸா அத்தியாயம் தரும் கட்டளை. கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் சென்ற பயணத்தை நினைவுகூருங்கள். விழவிருந்த ஒரு சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்தார்கள். அதன் அடியில் எத்தீம் சிறுவர் இருவரின் புதையல் இருந்தது. அவர்கள் வாலிபம் அடையும்வரை அது பிறர் கண்ணில் படக்கூடாது என்பது இறைவனின் நாட்டம். பிள்ளைகளின் உடைமைக்கு முன்னால் பெரியவர்கள் சுவராக நிற்க வேண்டும். அவர்களே அதைத் தோண்டி எடுக்கக் கூடாது.

இந்தியச் சட்டமும் இப்போது இதைச் சொல்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கலைஞர்களாகப் பங்கேற்கச் செய்வதற்கு நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையிடம் வேலை வாங்கக் கூடாது. இடைவேளையின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் பணி தரக் கூடாது. படிப்பு தடைப்படக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசிய வங்கியொன்றில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவற்றை அறிந்துள்ள பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

மாற்றியவர்களும் உண்டு

நல்லதையும் சொல்ல வேண்டும். ‘சலாம் பாம்பே’யில் கிடைத்த வருவாயைக் கொண்டு 1988இல் ‘சலாம் பாலக் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. டெல்லியிலும் மும்பையிலும் தெருப் பிள்ளைகளுக்கு உறைவிடமும் கல்வியும் வழங்கும் பணியை அது மேற்கொண்டது. நடித்த சிறுவனைக் கரையேற்ற இயலாத படம், அவனைப் போன்ற வேறு பிள்ளைகளுக்கு நிழல் தந்தது.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் நடித்த அஸ்ஹருத்தீன் முஹம்மது இஸ்மாயீல், ருபீனா அலி என்னும் இரு சிறார்களும் பாந்திராவின் கரீப் நகர் குடிசைப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளைகள். 2009 பிப்ரவரியில் அப்படம் எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்றபோது அமெரிக்க மேடையில் நின்றார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் அவர்களுடைய குடிசைகள் இடிக்கப்பட்டன. மூன்றே மாத இடைவெளி! ஆனால் இம்முறை ‘ஜெய் ஹோ’ என்னும் அறக்கட்டளையைப் படக்குழுவினர் ஏற்படுத்தியிருந்தனர். வீட்டுக்கும் படிப்புக்கும் அது உதவியது. பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடாமல், பள்ளிப் படிப்பைத் தொடர்வதோடு உதவியை இணைத்தார்கள். ஷஃபீக்குக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

நம் வாசலில்

இவையெல்லாம் பம்பாய்க் கதை, நியூயார்க் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்தப் பொம்மையார்பாளையம் மீனவர்கள் நிறைந்த சிற்றூர். தெற்கே சிறிது தூரத்தில் நம் மக்கள் திரளாக வாழும் கோட்டக்குப்பம். மேற்கே பல நாட்டவர் வந்து தங்கும் ஆரோவில். இந்தச் சாலையில் கேமராவோடு போவோர் வருவோருக்குப் பஞ்சமில்லை. படகின் விளிம்பில் அமர்ந்து ஒரு சிறுவன் பாடினால், சுவரில் ஒரு சிறுமி கரியால் வரைந்தால், அதைக் கைப்பேசியில் பிடித்து ஒரே இரவில் இலட்சம் பேருக்குக் காட்டிவிட இன்று யாராலும் முடியும். படம் பிடித்தவர் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார். பிள்ளை இங்கேதான் இருக்கும். அடுத்த வாரம் யாரும் பார்க்கவில்லையே என்ற ஏக்கத்தோடு இருக்கும்.

வெளியூராரைவிட, சில வேளைகளில் பெற்றோரே பெரிய சோதனையாகிவிடுகின்றனர். மதரஸாவில் கிராஅத் ஓதும் பிள்ளையையும், மீலாது மேடையில் பேசும் பிள்ளையையும் விடாமல் படம் பிடித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அப்பிள்ளையிடமே எண்ணிச் சொல்கிறார்கள். இறைவனுக்காக ஓத வேண்டிய நாவு எண்ணிக்கைக்காக ஓதப் பழகிவிடுகிறது. வீட்டுக்குள் நடக்கும் இதை எந்த அதிகாரியும் வந்து கேட்கப்போவதில்லை. நாளை மறுமையில் கேட்பவன் ஒருவன் இருக்கிறான். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளையின் திறமையைப் பூட்டி வைக்காதீர்கள். அது அல்லாஹ் தந்த அமானிதம். அதை வளர்க்க நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். மேடைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பரிசாகவோ ஊதியமாகவோ வரும் பணத்துக்குப் பிள்ளையின் பெயரிலேயே கணக்கு வையுங்கள். வீட்டுச் செலவுக்கு அதை நம்பி வாழாதீர்கள். பிள்ளையின் வருமானத்தில் குடும்பம் நடக்கத் தொடங்கிவிட்டால், ‘போதும்’ என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது. பிள்ளை களைத்து, ‘வேண்டாம் வாப்பா’ என்று சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பாராட்டு வரும் நாளில் இறைவனுக்கு நன்றி செலுத்தக் கற்றுக்கொடுங்கள். பாராட்டு நிற்கும் நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அருகில் இருங்கள்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். திறமை காட்டிய பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பிள்ளை ஏழையாக இருந்தால், எத்தீமாக இருந்தால், பைத்துல்மாலிலிருந்து அவன் படிப்புக்கு வழி செய்யுங்கள். ஐந்தாண்டு கழித்து அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். அன்று வெள்ளிப் பையோடு பாங்குப் பணியையும் சேர்த்து வழங்கிய அண்ணலாரின் வழிமுறை அதுவே.

நம் பிள்ளைகளின் கைகளிலும் நாவிலும் இறைவன் வைத்திருக்கும் திறமைகளில் அவன் பரக்கத் செய்வானாக! அவர்களுக்குப் புகழ் வந்தால் அதைத் தாங்கும் பணிவையும், வராவிட்டால் அதைப் பொறுக்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.